குவாரி வருமுன் காப்பது: கடலூர், புதுச்சேரி நிலங்களுக்குத் திட்ட விதிகள் தரும் கவசம்

டிப்பர் லாரிகள் ஊருக்குள் வந்த பிறகு நடத்தும் மறியல் சில நாள் தாங்கும். அதே ஊரின் புல எண்கள் (சர்வே எண்கள்) முன்கூட்டியே சரியான வரைபடத்திலும் சரியான பட்டியலிலும் ஏறியிருந்தால், அந்த லாரிக்கு நடைச்சீட்டே (கனிமத்தை ஏற்றிச் செல்லும் அனுமதிச் சீட்டு) கிடைத்திருக்காது. எந்தத் தாளில், எந்த நேரத்தில், என்ன எழுத வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். ஒரே ஒரு சட்டத்தை நம்பி யாரும் இருக்க முடியாது. ஒவ்வொன்றிலும் ஓட்டை இருக்கிறது. ஒன்றின் ஓட்டையை இன்னொன்று அடைக்கும்படி அடுக்க வேண்டும்.

முதலில் நிலத்தின் ஜாதகம்

தமிழக அரசின் இணையச் சேவையில் பட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு புல எண்ணின் வகைப்பாட்டையும் சொல்லும் கிராமப் பதிவேடு), புலப்படம் (புலத்தின் எல்லை அளவுப் படம்) மூன்றும் கிடைக்கின்றன. காக்க நினைக்கும் பகுதியின் புல எண்கள் அனைத்துக்கும் இவற்றை எடுங்கள். கிராம வரைபடத்தை நில அளவை அலுவலகத்தில் கட்டணம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

அ-பதிவேட்டில் பட்டாதாரர் பெயரைவிட வகைப்பாடும் குறிப்புரையும்தான் முக்கியம். ஓடை, வாய்க்கால், ஏரி, மேய்க்கால் என்று பதிவாகியிருந்தால் உங்கள் கை வலுவாக இருக்கிறது. 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' (தீர்வை என்பது நில வரி) என்றிருந்தால் உடனே விழித்துக்கொள்ளுங்கள். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் மேடுகளில் முந்திரி நின்றாலும், மழைநீர் முழுவதும் அங்கேதான் இறங்கினாலும், தாளில் அது வெறும் தரிசுதான். செம்மண், கிராவல் குவாரிக்கு முதலில் கண்ணில் படுவதும் அதுவே. 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். பணியில் பல இடங்களில் ஓடையும் வாய்க்காலும் பட்டா எண்ணுக்குள் கரைந்துபோயின. அதற்கு முந்தைய பழைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலை மாவட்டப் பதிவறையிலிருந்து பெற்று ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரிந்தால், வகைப்பாட்டைத் திருத்தக் கோரி கோட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். இந்தத் திருத்தத்துக்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால் குவாரி பேச்சு எழும் முன்பே தொடங்க வேண்டும்.

அடுத்து, தரையில் எடுக்கும் அளவுகள். குறைந்தது ஐந்தாறு கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, கிணற்றின் கைப்பிடிச் சுவரில் பெயின்ட்டால் ஒரு புள்ளி வையுங்கள். மாதம் ஒருமுறை, மோட்டார் ஓடி நின்று சில மணி நேரம் ஆன பிறகு, அந்தப் புள்ளியிலிருந்து நீர்மட்டம் வரை டேப்பால் அளந்து தேதியுடன் ஒரே நோட்டில் எழுதுங்கள். புள்ளி மாறினாலோ, மோட்டார் ஓடும்போது அளந்தாலோ அந்த எண்ணுக்கு மதிப்பில்லை; எதிர்த்தரப்பு நிபுணர் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் சேர்ந்த பதிவு கையில் இருந்தால், 'இப்பகுதியில் நிலத்தடி நீருக்குப் பாதிப்பில்லை' என்ற வழக்கமான வரிக்குப் பதில் சொல்லலாம்.

கடலூர் மாவட்டத்தில் அந்தப் பதிவுக்குத் தனி மதிப்பு உண்டு. புவியியலில் 'கடலூர் மணற்கல்' என்று நம் ஊர்ப் பெயரிலேயே வழங்கும் பாறை அடுக்கு, மேற்கே செம்மண் மேட்டில் மழையை வாங்கிக் கிழக்கே கடற்கரை வரை நிலத்தடியில் கொண்டுசெல்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் வெட்ட முடிகிறது. மேட்டில் தோண்டுவதும் பள்ளத்தில் கிணறு வற்றுவதும் தொடர்புடையவை என்று சொல்ல இந்த ஒரு நிலவியல் உண்மை போதும். அதை உங்கள் கிணற்று எண்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எந்தக் கனிமம்?

இதற்கு விடை தெரியாமல் மனு எழுதினால் அது தவறான மேசைக்குப் போகும். பழுப்பு நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றில் முடிவெடுப்பது ஒன்றிய அரசு. ஆற்று மணல், செம்மண், கிராவல், கருங்கல் போன்றவை சிறு கனிமங்கள்; 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 15ஆம் பிரிவு இவற்றுக்கான விதியை மாநிலத்திடம் விடுகிறது. களிமண் வகைகள் சிலவும் 2015இல் சிறு கனிமப் பட்டியலுக்கு வந்துவிட்டன. பீங்கான் தொழில் நடக்கும் விருத்தாசலம் பகுதியில் இது கவனிக்க வேண்டியது.

சிறு கனிமத்தில் திட்ட விதிகளால் நேரடியாகத் தடுக்க முடியும். பழுப்பு நிலக்கரி, எண்ணெய் போன்ற பெருங்கனிமத்தில் அதே விதிகள் தாமதப்படுத்தும், நிபந்தனை போட வைக்கும், மாநில அரசு எதிர்ப்புச் சொல்லக் காரணம் தரும், தனியாக நிறுத்திவிடாது. இதை மறைத்து ஊராருக்கு நம்பிக்கை கொடுப்பது பெரிய தவறு.

முழுமைத் திட்டத்தில் இடம் பிடித்தல்

பலருக்குத் தெரியாத ஒரு வரி தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் இருக்கிறது. 'அபிவிருத்தி' என்பதற்கு அது தரும் விளக்கத்தில் கட்டடப் பணி, பொறியியல் பணியோடு சுரங்கப் பணியும் அடங்கும். ஆகவே இச்சட்டப்படி திட்டப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட எல்லைக்குள் குவாரி தோண்டுவதும் 49ஆம் பிரிவின்படி திட்ட அனுமதி வாங்க வேண்டிய காரியமே. அனுமதியில்லாமல் நடந்தால் 56, 57ஆம் பிரிவுகளின்படி நிறுத்தவும் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் உத்தரவிடலாம். கனிமத் துறை குத்தகை கொடுத்துவிட்டது என்பதால் திட்ட அனுமதி தேவையில்லை என்று ஆகாது. நடைமுறையில் இரு அலுவலகங்களும் ஒன்றையொன்று கேட்பதில்லை. அதனால் எழுத்தில் கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

முதல் வேலை, உங்கள் கிராமம் உள்ளூர் திட்டக் குழுமத்தின் எல்லைக்குள் வருகிறதா என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்வது. வந்தால், முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் உங்கள் புல எண் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 'வேளாண் பயன்பாடு' என்ற பெயரைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அந்தப் பகுதியில் எவையெல்லாம் அனுமதிக்கப்பட்டவை, எவை சிறப்பு அனுமதியின் பேரில் வரலாம் என்ற பட்டியலை விதிகளில் வரிவரியாகப் படியுங்கள். பெயரால் வயலாக இருக்கும் மண்டலம் விதியால் திறந்த கதவாக இருக்கக்கூடும்.

திட்டம் புதிதாகத் தயாராகும்போதோ திருத்தப்படும்போதோதான் பெரிய வாய்ப்பு. 26ஆம் பிரிவின்படி வரைவுத் திட்ட அறிவிப்பு அரசிதழில் வந்த நாளிலிருந்து குறைந்தது இரண்டு மாதம் ஆட்சேபணைக்கும் ஆலோசனைக்கும் உண்டு. 'எங்கள் ஊரில் குவாரி வேண்டாம்' என்ற ஒற்றை வரிக்கு அங்கே பயன் இல்லை. ஏரி, அதன் நீர்ப்பிடிப்பு, வரத்து வாய்க்கால், செம்மண் மேடு ஆகியவற்றின் புல எண் பட்டியலையும், ஒவ்வொன்றுக்கும் நீங்கள் கேட்கும் மண்டல வகையையும், 'சுரங்கமும் குவாரியும் இங்கு அனுமதிக்கப்படாது' என்ற விதி வாசகத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். அதிகாரி அப்படியே எடுத்து ஒட்டக்கூடிய வடிவில் இருக்கும் ஆலோசனைதான் ஏற்கப்பட வாய்ப்புள்ளது.

திட்டம் ஒப்புதல் பெற்ற பிறகும் 32ஆம் பிரிவின்படி தனித்தனிப் புல எண்ணாக நிலப் பயன்பாட்டை மாற்ற விண்ணப்பம் வரும். பாதுகாப்பு கரைவது பெரும்பாலும் இப்படித்தான்: ஒரே நாளில் அல்ல, இரண்டு மூன்று ஏக்கராக. அந்த அறிவிப்புகளை வாரம் ஒருமுறை பார்க்க ஊரில் ஒருவரை நியமியுங்கள். திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கும் கிராமங்களுக்கு, விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது பற்றிய 2017ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும்.

வேளாண் மண்டலச் சட்டம்: எங்கே காக்கும், எங்கே கைவிடும்

2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தில் கடலூர் மாவட்டத்தின் ஐந்து வட்டாரங்கள் இருக்கின்றன: காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி. கம்மாபுரம், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, விருத்தாசலம் இதில் இல்லை. எல்லை வட்டார அடிப்படையில் என்பதால், பக்கத்துப் பக்கத்து வயல்களில் ஒன்று உள்ளேயும் மற்றொன்று வெளியேயும் இருக்கலாம். உங்கள் ஊராட்சி எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்பதை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் அட்டவணைதான் தடை செய்யப்பட்டவற்றின் பட்டியல். எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு போன்ற ஹைட்ரோகார்பன்களை ஆராய்வதும் தோண்டுவதும் எடுப்பதும் அதில் உண்டு. தாமிர, துத்தநாக உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலைகள் போன்றவையும் உண்டு. 2020இல் சட்டம் வந்தபோது பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் என்று பெயர் சொல்லிப் போட்ட வரி அதில் இல்லை. ஆற்று மணலும் செம்மண்ணும்கூட இல்லை. சட்டம் வருவதற்கு முன்பே நடந்துவந்த திட்டங்களையும் அது தொடாது.

ஆனாலும் இந்தச் சட்டம் வீண் என்று சொல்ல மாட்டோம். 2023இல் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகளை ஒன்றிய அரசு ஏலத்துக்கு அறிவித்தபோது, மாநில முதலமைச்சர் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் முன்வைத்த வாதங்களில் இந்தச் சட்டமும் ஒன்று. அந்த ஏப்ரலிலேயே மூன்றும் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டன. மாநிலச் சட்டம் தாளில் இருந்ததால்தான் அரசுக்கு எடுத்துக்காட்ட ஒன்று இருந்தது. மயிலாடுதுறை மாவட்டம் சட்டத் திருத்தம் மூலம் பின்னர் சேர்க்கப்பட்டதால், பட்டியல் விரியக்கூடியதே. கேட்க வேண்டியவை இரண்டு: பழுப்பு நிலக்கரி என்ற சொல் இரண்டாம் அட்டவணையில் வர வேண்டும், விடுபட்ட வட்டாரங்களின் நன்செய் ஊராட்சிகள் மண்டல எல்லையைச் சொல்லும் முதல் அட்டவணையில் வர வேண்டும்.

நீர்நிலையும் கடற்கரையும்

2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைத் தடுக்கின்றன. ஆனால் பாசனத்துக்கும் குடிநீருக்கும் மனிதர் வெட்டிய நீர்நிலைகள், ஆற்று வழித்தடம், நெல் வயல் ஆகியவற்றை விட்டுவிடுகின்றன. வீராணம், பெருமாள் ஏரி, வாலாஜா ஏரி போன்றவற்றுக்கு இந்த விதியைக் காட்டி மனு எழுதினால் அந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளுபடி ஆகலாம். அங்கே அ-பதிவேட்டு வகைப்பாடும் நீர்வளத் துறையின் எல்லைக் கற்களும்தான் ஆயுதம்.

பிச்சாவரம் அலையாத்திக் காடு 2022 முதல் ராம்சர் தலம் (பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம்), காப்புக்காடும்கூட. அதற்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே உறுதியான வேலி. அலையாத்தி, மணல் மேடு, ஆமை முட்டையிடும் கரை ஆகியவை அதில் முதல் வகைப் பகுதி. 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக்கு 50 மீட்டர் இடைவெளியும் உண்டு. இந்த மண்டலத்துக்குள் மணலோ பாறையோ தோண்டுவது தடை. வேறெங்கும் கிடைக்காத அரிய கனிமங்களுக்கும் எண்ணெய், எரிவாயுவுக்கும் மட்டும் விலக்கு. மண்டலம் கடற்கரையோடு முடிவதில்லை. தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு, வெள்ளாறு முகத்துவாரங்களில் கடல் ஏற்றம் எட்டும் தூரம் வரை உள்ளே வரும். அந்தத் தூரத்தை முடிவு செய்வது கோடை உச்சத்தில் ஆற்று நீரின் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 5 பங்கு என்ற அளவு. வரைபடம் அந்தக் கோட்டைக் கடலுக்கு அருகிலேயே முடித்திருந்தால், மே மாதத்தில் நீர் மாதிரி எடுத்து ஆய்வக அறிக்கையோடு மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவுக்கு அனுப்புங்கள். அந்தக் குழுவில் கடலோரச் சமூகத்தின் பிரதிநிதிகள் குறைந்தது மூவர் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் மாவட்டத்தில் அவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் 1959இல் 36ஆம் விதி தூரங்களைச் சொல்கிறது. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக் குத்தகை கூடாது. பாலம், குடிநீர்த் திட்டம், நீரேற்று நிலையம் ஆகியவற்றிலிருந்து 500 மீட்டருக்குள் ஆற்று மணல் கூடாது. தேசியப் பூங்கா, சரணாலயம் போன்றவற்றைச் சுற்றி 1 கிலோமீட்டர் தடை 2021இல் வந்தது; காப்புக்காடுகளும் அதில் இருந்தன. அடுத்த ஆண்டே, 2022 டிசம்பரில், காப்புக்காடுகள் நீக்கப்பட்டன. பழைய அரசாணையை வைத்து மனு எழுதுபவர்கள் சறுக்கும் இடம் இதுதான். மேற்கோள் காட்டும் நாளில் நடப்பிலுள்ள வாசகத்தையே காட்டுங்கள்.

பல்லுயிர் மரபுத் தலம் என்ற வழியும் உண்டு. பல்லுயிர்ச் சட்டம் 2002இன் 37ஆம் பிரிவின்படி 2022இல் அறிவிக்கப்பட்ட மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, மாநிலத்தின் முதல் தலம். அதை உள்ளடக்கிய டங்ஸ்டன் தொகுதி 2024 நவம்பரில் ஏலம் போனது. மக்கள் எதிர்ப்பும் சட்டமன்றத் தீர்மானமும் சேர, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அறிவிப்பு ஏலத்தைத் தடுக்கவில்லை, ஆனால் ரத்து கேட்க ஆதாரம் கொடுத்தது. இந்த வழிக்கு அடிப்படை ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு எழுதும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. உங்கள் ஊராட்சியில் அது இருக்கிறதா, உள்ளூரில் நடந்து பார்த்து எழுதியதா, வேறு ஊர்ப் பட்டியலின் நகலா என்று புரட்டிப் பாருங்கள்.

குத்தகை விண்ணப்பம் போகும் பாதை

பட்டா நிலத்தில் குவாரி கேட்டால் கோப்பு கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், கோட்டாட்சியர், மாவட்டக் கனிம அலுவலகம் என்று போகும். பிறகு 'பிரிசைஸ் ஏரியா' கடிதம் (குத்தகைக்குத் தரவிருக்கும் பரப்பைத் துல்லியமாகக் குறிப்பது), சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி, குத்தகைப் பத்திரம், மாசு கட்டுப்பாட்டு வாரிய இசைவு. அரசு நிலமென்றால் மாவட்ட அரசிதழில் டெண்டர் அறிவிப்பு வரும். தலையிட மிகச் சிறந்த இடம் முதல் படி. அருகில் குடியிருப்பு இல்லை, ஓடை இல்லை என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் ஒரு வரி மேலே போகப் போகக் கல்லில் பொறித்ததுபோல் ஆகிவிடும். அந்த அறிக்கை எழுதப்படும் முன்பே தூரங்கள் குறித்த உங்கள் மனு அவர் மேசையில் இருக்க வேண்டும். நகல் வட்டாட்சியருக்கும் போக வேண்டும்.

இதற்கும் முன்னால் மாவட்ட ஆய்வறிக்கை ஒன்று உண்டு. எந்தப் பகுதியில் எவ்வளவு சிறு கனிமம் எடுக்கலாம் என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை எழுதப்படும் ஆவணம் அது. வரைவை ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்ட இணையதளத்திலும் 21 நாள் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். அநேகமாக யாரும் எழுதுவதில்லை. ஆனால் அதில் 'எடுக்கத்தக்கது' என்று உங்கள் ஆற்றுப் பகுதி ஏறிவிட்டால், பின்னால் வரும் ஒவ்வொரு விண்ணப்பமும் அதையே காட்டும்.

சுற்றுச்சூழல் அனுமதியில் அடிக்கடி நடக்கும் தந்திரம், துண்டு போடுவது. 5 ஹெக்டேர் வரையிலான சிறு கனிமக் குத்தகைக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை. அதனால் 12 ஹெக்டேர் மேட்டை 4, 4, 4 என்று மூன்று பெயரில் கேட்பார்கள். விதி இதற்கு இடம் கொடுப்பதில்லை: ஒரே வகைக் கனிமத்தில் ஒரு குத்தகையின் ஓரத்திலிருந்து மற்றொன்றின் ஓரம் 500 மீட்டருக்குள் இருந்தால் அது தொகுப்பு. மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் கருத்துக் கேட்பும் வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் ஏறும் பரிவேஷ் இணையதளத்திலிருந்து பக்கத்து விண்ணப்பங்களின் ஆயத்தொலைவுகளை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) எடுத்து ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டுங்கள்.

கருத்துக் கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன் அறிவிப்பு, தமிழில் சுருக்க அறிக்கை, வீடியோ பதிவு, கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்தல் ஆகியவை கட்டாயம். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற எண்ணிக்கை இல்லை. ஊர் புறக்கணித்தால் கூட்டம் நின்றுவிடாது, எதிர்ப்பில்லாமல் நடந்தது என்று பதிவாகும். போங்கள், எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். 2025 செப்டம்பரில் அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் கருத்துக் கேட்பிலிருந்து ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்ததையும் நினைவில் வையுங்கள்.

ஆட்சேபணை எழுதும் விதம்

ஒரு பத்திக்கு ஒரு காரணம். ஒவ்வொரு காரணத்திலும் புல எண், அளவு, விதி, ஆதாரம், கோரிக்கை. மாதிரி:

'குத்தகை கோரப்படும் புல எண் ___-இன் கிழக்கு எல்லையிலிருந்து புல எண் ___-இல் உள்ள குடியிருப்பு 210 மீட்டர் தொலைவில் உள்ளது (புலப்பட நகலும் ஆயத்தொலைவுப் பட்டியலும் இணைப்பு 1). தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் 1959, விதி 36இன்படி 300 மீட்டருக்குள் குத்தகை வழங்க இயலாது. ஆகவே விண்ணப்பத்தை நிராகரிக்கவும், தலவிசாரணைக்கு முன் எங்களுக்கு எழுத்தில் அறிவிப்புத் தரவும் கோருகிறோம்.'

தூரத்தைப் புலப்பட எல்லையிலிருந்து அளக்க வேண்டும், குழியின் நடுவிலிருந்து அல்ல. ஆயிரம் பேர் கையெழுத்திட்ட ஒரே மனுவைவிட, பாதிக்கப்படும் பத்துப் புல எண்காரர்களின் பத்துத் தனி மனுக்கள் வலுவானவை.

கிராம சபைத் தீர்மானமும் இப்படியே இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர், 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர் வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். குறைந்தால் தீர்மானத்தையே கேள்வி கேட்பார்கள். இத்தீர்மானம் குத்தகையைத் தானாக ரத்து செய்யாது. ஆனால் பசுமைத் தீர்ப்பாயத்தில், ஊர் முன்கூட்டியே எதிர்த்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

தென்பெண்ணைக்கு வடக்கே

ஆற்றைத் தாண்டிப் பாகூர் பக்கம் போனால் சட்டமே வேறு. தமிழகத்தின் வேளாண் மண்டலச் சட்டமும் சிறு கனிம விதிகளும் அங்கே செல்லாது. புதுச்சேரி நகர் ஊரமைப்புச் சட்டம் 1969, அதன் கீழ் வந்த விரிவான வளர்ச்சித் திட்டம் 2036, நிலத்தடி நீர் கட்டுப்பாட்டுச் சட்டம் 2002 ஆகியவையே அங்குள்ள கருவிகள். நிலப் பதிவுகளை 'நிலமகள்' இணையதளத்தில் பார்க்கலாம். ஊசுடு ஏரி இரு பக்கமும் பறவைகள் சரணாலயம்: புதுச்சேரி 2008இலும் தமிழகம் 2015இலும் அறிவித்தன. 36ஆம் விதியின் 1 கிலோமீட்டர் தடை தமிழகப் பக்கத்துக்கே பொருந்தும். எல்லையோரக் குவாரிக்கு எதிராக இரு நிர்வாகத்துக்கும் தனித்தனி மனு, தனித்தனி விதி எண்களோடு போக வேண்டும். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலந்தால் இருவரும் மற்றவர் பொறுப்பு என்று திருப்பி அனுப்புவார்கள்.

அனுமதி கிடைத்துவிட்டால்

சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துச் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்கலாம். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் கதவு மூடிவிடும். அனுமதி பெற்றவர் அதை ஏழு நாளுக்குள் நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும் என்பதால், அந்த விளம்பரத்தைத் தேதி தெரியும்படி வெட்டி வையுங்கள். வராவிட்டால், உங்களுக்கு முதலில் தெரியவந்த நாளைத் தகவல் உரிமை விண்ணப்பத்தின் பதிலோ இணையதளப் பக்கத்தின் அச்சுப்படியோ வைத்து நிறுவுங்கள்.

மேல்முறையீடு செய்யாவிட்டாலும், ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாட்களில் அவர்கள் தர வேண்டிய நிபந்தனை இணக்க அறிக்கையை 10 ரூபாய் தகவல் உரிமை விண்ணப்பத்தில் கேட்டு வாங்குங்கள். பக்கத்துப் பட்டா நிலத்துக்கு 7.5 மீட்டர், புறம்போக்குக்கு 10 மீட்டர் விட வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. ஒரு டேப்பும் இரண்டு ஆளும் போதும், வரப்பில் நின்றே அளந்துவிடலாம். மீறல் தெரிந்தால் படம், ஆயத்தொலைவு, தேதியோடு கனிம அலுவலகத்துக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். குத்தகை புதுப்பிப்புக்கு வரும்போது கோப்பில் அந்தக் கடிதங்கள் இருக்க வேண்டும்.